வீட்டுக் கூட்டத்துக்குப் பிள்ளையே தலைவர்!

"குடும்பக் கூட்டம்" என்று சொன்னால் பலருக்குச் சிரிப்பு வரும்.

"ஊரில் கூட்டம் போடுகிறார்கள். சங்கத்தில் கூட்டம் போடுகிறார்கள். நாலு பேர் இருக்கிற வீட்டில் எதற்குக் கூட்டம்?" என்று கேட்பார்கள்.

நியாயமான கேள்விதான். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். நம் வீடுகளில் தினமும் கூட்டம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. சாப்பிடும்போது பேசுகிறோம். படுக்கப் போகும்போது பேசுகிறோம். பள்ளிக்கூடச் செலவு, மின்சார பில், சீட்டுப் பணம், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம், எல்லாம் பேசித்தான் முடிவாகிறது.

அந்தப் பேச்சில் முறை இல்லை. குரல் பெரியவர் பேசுகிறார். குரல் சிறியவர் கேட்டுக்கொள்கிறார். தாயார் அடுப்படியில் இருந்து ஒரு வார்த்தை சொல்லுகிறார். அது கூடத்துக்கு வந்து சேருவதில்லை. பிள்ளை வாயைத் திறந்தால், "பெரியவங்க பேசுற இடத்துல உனக்கு என்ன வேலை?" என்ற அதட்டல் வருகிறது. பிள்ளைக்கு முடிவு மட்டும் தெரிகிறது. காரணம் தெரிவதில்லை.

வாரத்தில் ஒரு நாள், அரை மணி நேரம், குடும்பம் முழுவதும் ஒன்றாக உட்கார்ந்து பேச வேண்டும் என்பது என் கருத்து. அந்தக் கூட்டத்துக்குப் பிள்ளைகள்தான் முறை வைத்துத் தலைமை வகிக்க வேண்டும்.

யார் தலைவர்?

இதைக் கேட்டதும் சில தகப்பனார்களுக்குக் கோபம் வரலாம். "நேற்றுப் பிறந்த பயல் எனக்குத் தலைவனா?" என்று கேட்கலாம்.

இங்கேதான் ஒரு குழப்பம் இருக்கிறது. குடும்பத் தலைவர் வேறு. கூட்டத் தலைவர் வேறு.

குடும்பத்தைக் காப்பாற்றுவது தாய் தகப்பனின் பொறுப்பு. அது மாறாது. கூட்டத் தலைவருக்கு அந்த அதிகாரம் கிடையாது. அவருக்கு வேலை நாலுதான்.

கூட்டத்தை நேரத்துக்குத் தொடங்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் பேச முறை கொடுக்க வேண்டும். என்ன முடிவானது என்பதைத் திரும்பச் சொல்ல வேண்டும். நேரத்துக்கு முடிக்க வேண்டும்.

இந்த நாலு வேலையையும் 10 வயதுப் பிள்ளை செய்ய முடியும். பழக்கிவிட்டால் 8 வயதுப் பிள்ளையும் செய்யும். பேருந்து நடத்துனர் விசில் அடித்தால் வண்டி நிற்கிறது. அதனால் வண்டி அவருக்குச் சொந்தமாகிவிடுமா? கூட்டத் தலைமையும் அப்படித்தான்.

கல்லில் வெட்டிய சட்டம்

கூட்டம் போட்டுப் பேசுவது நமக்குப் புதிது அல்ல. காஞ்சிபுரம் மாவட்டத்தில் உத்திரமேரூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரில் சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. அவை 919-லும் 921-லும் வெட்டப்பட்டவை. ஊர்ச் சபைக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளை அவை சொல்லுகின்றன.

ஊரை 30 பிரிவாகப் பிரித்திருந்தார்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் "குடும்பு" என்று பெயர். தகுதி உள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டார்கள். இதுதான் குடவோலை முறை. வயதில் மூத்த ஒருவர் அந்தக் குடத்தை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டுவார். அதில் இருந்து ஓலையை எடுப்பவர் யார் தெரியுமா? ஒரு சிறுவன். சூது வாது தெரியாத சிறுவனைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார்கள்.

இன்னொரு விதியும் அதில் உண்டு. முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரை மறுபடி குடத்தில் போடக்கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் போடக்கூடாது.

அந்தச் சபை எல்லோருக்கும் இடம் கொடுத்தது என்று சொல்ல மாட்டேன். நிலம் வேண்டும். வேதக் கல்வி வேண்டும். பெண்களுக்கு இடமே இல்லை. ஆனாலும் இரண்டு நல்ல பாடங்கள் அந்தச் சுவரில் இருக்கின்றன. ஒன்று, விதியை எல்லோருக்கும் தெரியும்படி எழுதி வை. இரண்டு, கணக்கைக் காட்டு. இந்த இரண்டும் நம் வீட்டுக் கூட்டத்துக்கும் போதும்.

அம்மாவுக்குத் தெரிந்த பாடம்

இந்த வித்தையைப் பிள்ளைக்கு யார் சொல்லிக்கொடுப்பது? வெளியில் இருந்து ஆள் வர வேண்டியது இல்லை. அநேக வீடுகளில் அம்மாவுக்கே தெரியும்.

1989-ல் தருமபுரி மாவட்டத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. பிறகு தமிழ்நாடு முழுவதும் பரவின. ஒரு குழுவில் 12 முதல் 20 பேர் வரை இருப்பார்கள். குறித்த நாளில் கூடுவார்கள். வருகை எடுப்பார்கள். சேமிப்பு வசூல் ஆகும். யாருக்குக் கடன் கொடுப்பது என்று பேசுவார்கள். முடிவைத் தீர்மான நோட்டில் எழுதுவார்கள். எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள்.

வாசலுக்கு வெளியே வந்து நாலு பேர் முன்னால் பேசியறியாத பெண்கள் இந்தக் குழுக்களில் பேசக் கற்றார்கள். கைநாட்டு வைத்தவர்கள் கையெழுத்துப் போடக் கற்றார்கள். வங்கிக்குப் போய் மேனேஜரிடம் நேருக்கு நேர் கேள்வி கேட்டார்கள்.

வயது வந்த பிறகு, பிள்ளைகளைப் பெற்ற பிறகு, கூச்சத்தோடு கற்ற பாடம் அது. அதையே 8 வயதில் வீட்டுத் திண்ணையில் கற்றால் எவ்வளவு சுலபம்! குழுக் கூட்டம் நடத்தும் தாய்மார்களே, உங்கள் தீர்மான நோட்டைப் பிள்ளையிடம் காட்டுங்கள். "இதைப் போல நம் வீட்டுக்கும் ஒன்று போடலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை துள்ளிக்கொண்டு வரும்.

வெளிநாட்டில் செய்து பார்த்தார்கள்

ருடால்ப் டிரைக்கர்ஸ் என்று ஒரு மனநல மருத்துவர் இருந்தார். 1897-ல் வியன்னா நகரில் பிறந்தவர். பிறகு அமெரிக்கா சென்று சிக்காகோவில் பணி செய்தார். பிள்ளை வளர்ப்பு பற்றி அவர் எழுதிய புத்தகம் 1964-ல் வெளிவந்தது. அதில் குடும்பக் கூட்டத்தைப் பற்றி அழுத்தமாகச் சொல்லியிருக்கிறார். வாரம்தோறும் குறித்த நேரத்தில் கூட வேண்டும், யாரும் எந்தக் குறையையும் சொல்லலாம், தலைமைப் பொறுப்பு ஒருவரிடமே நிற்காமல் சுற்றி வர வேண்டும் என்பது அவர் கூறிய முறை.

அவருக்கு முன்பே போலந்து நாட்டில் யானுஷ் கோர்ச்சாக் என்ற மருத்துவர் இருந்தார். அவர் 1912 முதல் வார்சா நகரில் யூத அனாதைப் பிள்ளைகளுக்கு விடுதி நடத்தினார். அந்த விடுதியில் பிள்ளைகளே உறுப்பினராக இருக்கும் சபை இருந்தது. பிள்ளைகளே நீதிபதியாக இருக்கும் நீதிமன்றம் இருந்தது. பெரியவர் தவறு செய்தாலும் அங்கே புகார் கொடுக்கலாம். கோர்ச்சாக்கின் மீதே பிள்ளைகள் வழக்குப் போட்டது உண்டு. அந்த நீதிமன்றத்தின் சட்டத்தில் முதல் இடம் மன்னிப்புக்குத்தான்.

1942 ஆகஸ்டு மாதத்தில் நாஜிகள் அந்த விடுதிப் பிள்ளைகளைக் கொலை முகாமுக்குக் கொண்டுபோனார்கள். சுமார் 200 பிள்ளைகள். கோர்ச்சாக் அவர்களைத் தனியே விட மறுத்து உடன் சென்றார். அவரும் பிள்ளைகளும் டிரெப்ளிங்கா முகாமில் கொல்லப்பட்டார்கள்.

பிள்ளையின் பேச்சை மதித்தவர் பிள்ளைக்காக எவ்வளவு தூரம் போவார் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

இங்கிலாந்தில் சம்மர்ஹில் என்று ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. ஏ. எஸ். நீல் என்பவர் 1921-ல் தொடங்கியது. அங்கே பள்ளிக்கூடக் கூட்டத்தில் ஆசிரியருக்கும் ஒரு ஓட்டு. சின்னப் பிள்ளைக்கும் ஒரு ஓட்டு. மாணவரே கூட்டத்துக்குத் தலைமை வகிப்பது வழக்கம். பள்ளிக்கூடத்தை ஆரம்பித்த நீல்கூட ஓட்டில் தோற்றது உண்டு. தோற்றதை ஒப்புக்கொண்டார்.

1989-ல் ஐக்கிய நாடுகள் சபை குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை நிறைவேற்றியது. தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் கருத்துச் சொல்லப் பிள்ளைக்கு உரிமை உண்டு, வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அந்தக் கருத்துக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்று அதன் 12-வது பிரிவு சொல்லுகிறது. 1992 டிசம்பரில் இந்தியாவும் அந்த உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது.

படிப்படியாகப் பழக்குங்கள்

முதல் நாளே முழுக் கூட்டத்தையும் பிள்ளை தலையில் வைக்காதீர்கள். சைக்கிள் பழக்குவது போலப் பழக்க வேண்டும். முதலில் பின்னால் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். பிறகு கையை எடுக்க வேண்டும்.

முதல் மூன்று, நாலு வாரம் அம்மாவோ அப்பாவோ நடத்திக் காட்டட்டும். பிள்ளை பார்க்கட்டும்.

5, 6 வயதுப் பிள்ளைக்கு எவர்சில்வர் டம்ளரும் ஒரு கரண்டியும் கொடுங்கள். டம்ளரைத் தட்டினால் கூட்டம் ஆரம்பம். மறுபடி தட்டினால் முடிவு. அந்த வேலையே அதற்குப் பெருமையாக இருக்கும்.

7, 8 வயதுப் பிள்ளை முறை கொடுக்கலாம். "இப்போ ஆச்சி பேசணும். அடுத்தது அம்மா" என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போதும்.

9, 10 வயதில் நோட்டுப் பொறுப்பு. ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்கள். இந்த வாரம் என்னென்ன பேச வேண்டும் என்று முன்னாலேயே எழுதி வைக்கட்டும். என்ன முடிவானது, யார் செய்ய வேண்டும், எப்போது செய்ய வேண்டும் என்று மூன்று வரி எழுதட்டும். எழுத்துப் பிழை இருந்தால் இருக்கட்டும். அன்று திருத்தாதீர்கள்.

10, 11 வயதுக்கு மேல் முழுத் தலைமை கொடுக்கலாம். இது ஒன்றும் பெரிய வயது வேண்டிய காரியம் அல்ல. 10 வயது நிரம்பிய பிள்ளை வங்கியில் தானே சேமிப்புக் கணக்கு நடத்தலாம் என்று 2014-லேயே ரிசர்வ் வங்கி வழி செய்துவிட்டது. வங்கி நம்புகிற பிள்ளையை நாம் நம்பக்கூடாதா?

தலைமை வகிக்கும் பிள்ளை தடுமாறினால் சபையில் திருத்தக்கூடாது. கூட்டம் முடிந்த பிறகு தனியாகக் கூப்பிட்டு, "அடுத்த வாரம் ஆச்சியை முதலில் பேசச் சொல்லு. அவங்களுக்குச் சீக்கிரம் தூக்கம் வரும்" என்று ஒரே ஒரு யோசனை சொன்னால் போதும்.

ஒரு கூட்டம் எப்படி நடக்கும்?

கோவில்பட்டிப் பக்கம் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தகப்பனார் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். தாயார் தீப்பெட்டி ஆலைக்கு வேலைக்குப் போகிறார். மூத்த பெண்ணுக்கு 12 வயது. பையனுக்கு 9. வீட்டில் ஆச்சி இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை இரவு. டி.வி.யை நிறுத்தியாகிவிட்டது. எல்லோருடைய செல்போனும் அலமாரியில்.

பெண் டம்ளரைத் தட்டுகிறாள்.

"கூட்டம் ஆரம்பம். போன வாரத் தீர்மானம் வாசிக்கேன். சாயங்காலம் தண்ணி பிடிக்கிற வேலை தம்பிக்கு. தம்பி, செஞ்சியா?"

"நாலு நாள் பிடிச்சேன். மூணு நாள் பிடிக்கல."

தகப்பனாருக்குக் கோபம் வருகிறது. "எத்தனை தடவை சொல்லியிருக்கேன்! விளையாட்டுன்னா சோறு தண்ணி வேண்டாம் இவனுக்கு."

"அப்பா, தம்பி இன்னும் பேசி முடிக்கல. அவன் முடிச்சதும் நீங்க பேசுங்க."

இந்த இடம்தான் முக்கியமானது. தகப்பனார் இங்கே, "நீ யாரு என்னை நிறுத்த?" என்று கேட்டால் கூட்டம் அன்றோடு செத்தது. அடுத்த வாரம் பிள்ளைகள் உட்காருவார்கள், பேச மாட்டார்கள். தகப்பனார் "சரிம்மா" என்று சொல்லி அமைதியானால், அந்தப் பெண் பள்ளிக்கூடத்தில் கிடைக்காத ஒரு பாடத்தைக் கற்றுவிட்டாள். பெரியவரை மரியாதை குறையாமல் காத்திருக்கச் சொல்ல முடியும் என்பது அந்தப் பாடம்.

பையன் சொல்லுகிறான்: "அந்த மூணு நாளும் தண்ணி அஞ்சு மணிக்கே வந்துட்டு. பள்ளிக்கூடத்துல பயிற்சி முடிஞ்சு நான் வர அஞ்சரை ஆயிட்டு. வந்து பார்த்தா நின்னு போச்சு."

இது வரைக்கும் யாருக்கும் இந்த விவரம் தெரியாது. கேட்கவில்லை. திட்டத்தான் தெரிந்தது.

பெண் கேட்கிறாள்: "யாருக்காவது யோசனை உண்டா? ஆச்சி, நீங்க சொல்லுங்க."

"அஞ்சு மணிக்கு நான் சும்மாதான இருக்கேன். குடத்தை வச்சுக் குழாயைத் திறந்து விடுதேன். தூக்கத்தான் என்னால ஆகாது. பய வந்து தூக்கி உள்ள வைக்கட்டும்."

"அம்மா?"

"சரிதான்."

"அப்பா, இப்போ நீங்க பேசுங்க."

"பேச என்ன இருக்கு? சரி."

பெண் நோட்டில் எழுதுகிறாள். "தண்ணீர்: ஆச்சி பிடிப்பது. தம்பி தூக்குவது. நாளை முதல்." ஆகக்கூடி அஞ்சு நிமிஷம்.

ஒரு வாரம் முழுவதும் நடக்க வேண்டிய சண்டை அஞ்சு நிமிஷத்தில் தீர்ந்தது. ஆச்சிக்கு ஒரு வேலை கிடைத்தது. வீட்டில் தான் இன்னும் வேண்டியவர் என்ற திருப்தியும் கிடைத்தது.

எதைப் பேசலாம்? எதைப் பேசக்கூடாது?

வீட்டு வேலையைப் பங்கு போடுவது, செல்போன் பார்க்கும் நேரம், பண்டிகைச் செலவு, ஊருக்குப் போவது, இவை எல்லாம் பிள்ளைகள் கூடிப் பேசலாம். முடிவும் எடுக்கலாம்.

வீட்டு வரவு செலவைச் சொல்லலாமா? சொல்லலாம். ஆனால் அளவோடு சொல்ல வேண்டும். "இந்த மாதம் வட்டி கட்ட வேண்டும். அதனால் புதுச் செருப்பு அடுத்த மாதம்" என்று சொன்னால் பிள்ளைக்குப் புரியும். அடம் பிடிக்காது. "உங்களாலதான் இவ்வளவு கடன்" என்று சொன்னால் பிள்ளை மனசு உடைந்துபோகும். காரணத்தைச் சொல்லுங்கள். பாரத்தை அவர்கள் தலையில் இறக்காதீர்கள்.

சில விஷயங்களை ஓட்டுக்கு விடவே கூடாது. பிள்ளையின் படிப்பை நிறுத்துவதா என்பது அப்படிப்பட்ட விஷயம். பெண்ணுக்கு 18 வயதுக்கு முன் கல்யாணம் செய்வதும் அப்படித்தான். அது சட்டப்படி குற்றம். நோய்க்கு மருந்து வாங்குவதா என்பதும் கைதூக்கி முடிவு செய்யும் காரியம் அல்ல. நாலு பேர் சேர்ந்து கை தூக்கினாலும் அநியாயம் நியாயம் ஆகாது. இதையும் பிள்ளைகள் கூட்டத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. கூட்டத்தைப் போலீஸ் ஸ்டேஷன் ஆக்கிவிடாதீர்கள். மார்க்கு குறைந்த பிள்ளையை நடுவில் உட்கார வைத்து ஆளுக்கு ஒரு குத்தல் பேச்சுப் பேசினால், அதற்குப் பெயர் கூட்டம் அல்ல. கூட்டத்தைத் தொடங்கும்போது ஒவ்வொருவரும் இன்னொருவர் செய்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்லட்டும். "தம்பி எனக்குப் பேனா கொடுத்தான்" என்பது போதும். குறை அதற்குப் பிறகு வரட்டும்.

முடியாது என்பவர்களுக்கு

"நேரம் ஏது?" என்று கேட்பார்கள். வாரத்துக்கு 168 மணி நேரம் இருக்கிறது. அரை மணி நேரம் கேட்கிறேன். ஒரு சீரியல் பார்க்கும் நேரம்.

"அப்பா வெளியூரில் வேலை செய்கிறார். எப்படிக் கூட்டம் போடுவது?" திருப்பூரில் இருந்தாலும் சரி, துபாயில் இருந்தாலும் சரி, செல்போன் இருக்கிறது. அவரையும் அதில் கூப்பிட்டு உட்கார வையுங்கள். மாதம் முழுவதும் "பணம் வந்ததா?" என்ற பேச்சே பேசிப் பழகியவருக்குப் பிள்ளை, "அப்பா, உங்க முறை. பேசுங்க" என்று சொல்லுவதைக் கேட்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

"பிள்ளைகள் வாயாடிகள் ஆகிவிடும்" என்று பயப்படுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முறை கிடைக்காத பிள்ளைதான் கத்துகிறது. தன் முறை வரும் என்று தெரிந்த பிள்ளை பொறுத்திருக்கும். அதுவும் தலைமை வகிக்கும் பிள்ளைக்குப் பேசுவதைவிடக் கேட்கும் வேலைதான் அதிகம். கேட்கத் தெரிந்தவன் வாயாடி ஆக மாட்டான்.

"அம்மாவும் அப்பாவுமே முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இதில் கூட்டம் வேறா?" என்று சிலர் மனசுக்குள் நினைக்கலாம். அப்படிப்பட்ட வீட்டில் கூட்டம் கஷ்டம்தான். குடித்துவிட்டு அடிக்கும் வீட்டில் கூட்டம் மருந்து ஆகாது. அங்கே முதலில் அடி நிற்க வேண்டும். ஆனால் சாதாரண மனஸ்தாபம் உள்ள வீட்டில், பிள்ளை நடுவில் உட்கார்ந்து முறை கொடுக்கும்போது பெரியவர்கள் குரலைக் குறைத்துக்கொள்வார்கள். பிள்ளையைத் தூது விடுகிற வேலையை மட்டும் செய்யாதீர்கள். "உங்க அப்பாகிட்ட சொல்லு" என்ற பேச்சுக் கூட்டத்தில் கூடாது. நேரே சொல்லுங்கள்.

பெண் பிள்ளையின் முறை

தலைமை முறையில் ஆண், பெண் வித்தியாசம் கூடாது. பையன் தலைமை வகிக்கும் நாளில் பெண் காபி போடப் போகக்கூடாது. கூட்டம் முடிந்த பிறகு காபி. அதையும் முறை வைத்துப் போடலாம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்லுகிறேன்? 1993 முதல் உள்ளாட்சிப் பதவிகளில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் சட்டமாயிற்று. தமிழ்நாட்டில் அதைப் பாதியாக உயர்த்த 2016-ல் சட்டம் வந்தது. ஊராட்சித் தலைவர் நாற்காலி பெண்ணுக்குக் கிடைத்தது. ஆனால் எத்தனையோ ஊரில் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் கணவர் உட்கார்ந்து பேசுகிறார். தலைவர் கையெழுத்து மட்டும் போடுகிறார்.

சட்டம் நாற்காலி கொடுக்கும். குரலைச் சட்டம் கொடுக்க முடியாது. அது வீட்டில் பழக வேண்டியது. "அப்பா, தம்பி பேசி முடிக்கட்டும்" என்று 12 வயதில் சொல்லிப் பழகிய பெண், 35 வயதில் கிராம சபையில், "அவர் பேசி முடிக்கட்டும், பிறகு நீங்கள் பேசலாம்" என்று சொல்லுவாள். குரல் நடுங்காது.

இப்போது தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 6 நாள் கிராம சபை கூடுகிறது. குடியரசு தினம், தண்ணீர் தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, உள்ளாட்சி தினம். அங்கே போய்ப் பாருங்கள். எத்தனை பேர் எழுந்து பேசுகிறார்கள்? பேசுகிறவர்களில் எத்தனை பேர் மற்றவரைப் பேச விடுகிறார்கள்? 18 வயதில் ஓட்டு கொடுக்கிறோம். அதற்கு முன் 18 வருஷம் வீட்டில் அவர்களுக்கு என்ன பழக்கிக் கொடுத்தோம்?

பயப்படாமல் சொல்லும் பிள்ளை

எல்லாவற்றையும்விட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது.

வீட்டுக்கு வெளியே பிள்ளைக்கு ஏதாவது கெடுதல் நேரலாம். யாரோ மிரட்டலாம். யாரோ தொடக்கூடாத இடத்தில் தொடலாம். செல்போனில் யாரோ தப்பான படம் கேட்கலாம். அப்போது பிள்ளை யாரிடம் சொல்லும்?

அதைக் கூட்டத்தில் எழுந்து சொல்லாது. சொல்லவும் வேண்டியது இல்லை. ஆனால் வாரா வாரம், "நீ சொல்லு, நாங்க கேட்கோம்" என்று கேட்டுப் பழகிய பிள்ளை, இரவில் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, ஒண்ணு சொல்லணும்" என்று சொல்லும். "வாயை மூடு" என்ற சொல்லையே கேட்டு வளர்ந்த பிள்ளை வாயை மூடிக்கொண்டுதான் இருக்கும். கெடுதல் செய்கிறவனுக்கும் அதுதான் வேண்டும்.

பிள்ளைகள் உதவிக்குக் கூப்பிட 1098 என்ற எண் இருக்கிறது. அதையும் கூட்ட நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி வையுங்கள். ஆனால் பிள்ளையின் முதல் உதவி எண் வீடாக இருக்க வேண்டும்.

இன்றே ஆரம்பியுங்கள்

இதற்குப் பணம் வேண்டாம். பெரிய படிப்பு வேண்டாம். ஒரு டம்ளர், ஒரு கரண்டி, ஒரு நோட்டு, ஒரு பேனா போதும். வீட்டில் எழுதத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் அவர் எழுதட்டும். யாருக்கும் சரியாக எழுத வராவிட்டால் சுவரில் கரியால் ஒரு கோடு போட்டாலும் தீர்மானம் தீர்மானம்தான்.

இரவுச் சாப்பாடு முடிந்ததும் பாயை விரியுங்கள். முதல் கூட்டத்துக்கு ஒரே ஒரு விஷயம் வையுங்கள். "அடுத்த ஞாயிறு என்ன சமைக்கலாம்?" என்பதாக இருந்தாலும் சரி. வீட்டில் சின்னவர் யாரோ, அவர் கையில் கரண்டியைக் கொடுங்கள்.

பெரியவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். பிள்ளை, "உங்க முறை இன்னும் வரல" என்று சொன்னால், சிரிக்காமல், கோபப்படாமல், காத்திருக்க வேண்டும்.